கல்லா வரை வராத வேகம்

புரட்டாசிச் சனிக்கிழமை மாலை மளிகைக் கடை எப்படி இருக்கும் என்று வணிகப் பெருமக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சென்ற ஆண்டு அப்படி ஒரு மாலை, ஆறரை மணி. கடை வாசலில் பதினைந்து பேர் நிற்கிறார்கள். பதினெட்டு ஆண்டுகளாக நம் கடையிலேயே மாதச் சாமான் வாங்கும் அம்மா ஒருவர் 1,840 ரூபாய்க்குச் சரக்கு எடுத்துவிட்டு, கல்லாவில் ஒட்டியிருந்த கட்டத்தைக் கைபேசியில் காட்டிப் பணம் அனுப்பினார். அவருடைய கைபேசியில் பச்சை அடையாளம் வந்துவிட்டது. எங்கள் கல்லாவில் இருக்கும் பேசும் பெட்டி பேசவில்லை. என் கைபேசியிலும் செய்தி வரவில்லை.

"கொஞ்சம் இருங்கம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல? பணம் போனதுபோல் பச்சை அடையாளம் மட்டும் காட்டும் போலிச் செயலிகள் உலவுகின்றன என்று நாளிதழில் படித்துக்கொண்டேதானே இருக்கிறோம். அவர் நின்றார். இரண்டு நிமிடம் ஆயிற்று, நான்கு நிமிடம் ஆயிற்று. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். "சந்தேகமா இருந்தா பையை நீங்களே வச்சுக்கோங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அவர் நடந்துவிட்டார். அடுத்த பத்தாவது நிமிடத்தில் பெட்டி உரக்கச் சொல்லிற்று, ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய் பெறப்பட்டது என்று.

அன்று இரவே பையன் மூலம் பையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். வாங்கிக்கொண்டார். ஆனால் அடுத்த மாதம் அவரிடமிருந்து சிட்டை வரவில்லை.

இந்தக் கட்டுரை அந்தச் சிட்டையைப் பற்றியது என்று வைத்துக்கொள்ளலாம். கடை கீழே, வீடு மாடியில் என்று குடியிருக்கும் நம் உறுப்பினர்கள் பலருக்கும் இதே தொல்லை இருப்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மாடியில் பிள்ளைகள் தங்குதடையின்றிப் படம் பார்க்கிறார்கள். கீழே கல்லாவில் நூறு ரூபாய் வந்து சேர ஐந்து நிமிடம் ஆகிறது. நான் செய்த தவற்றையும் பிறகு கண்ட பரிகாரத்தையும் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் தவறு. இணையம் மெதுவாக இருந்தால் நாம் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். கேபிள்காரரைக் கூப்பிட்டு 50 மெகாபிட் திட்டத்தை 100 ஆக்கினேன். குறை தீரவில்லை என்றதும் 200 ஆக்கினேன். மாதம் ஏறக்குறைய நானூறு ரூபாய் கூடுதல் செலவு. மாடியில் படம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. கல்லாவில் ஒரு மாற்றமும் இல்லை.

பிறகுதான் அடுத்த தெருவில் கணினி பழுது பார்க்கும் தம்பி ஒருவரை அழைத்தேன். அவர் பெட்டியைத் திறக்கவில்லை, எதையும் பிரிக்கவில்லை. கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு வேகம் அளக்கும் செயலியைப் போட்டு, வீடு முழுவதும் நடந்தார். ஒவ்வொரு இடத்திலும் நின்று, வந்த எண்ணைப் பில் தாளின் பின்புறம் குறித்துக்கொண்டார். மாடி ஹாலில் ரூட்டருக்குப் பக்கத்தில் 187. ஹால் வாசலில் 120. மாடிப்படி நடுவில் 22. குடோனில் 9. கல்லாவில் 2, சில முறை அதுவும் இல்லை.

"கம்பெனிக்காரன் கொடுத்த வேகம் வீட்டுக்கு வந்துருச்சு அண்ணாச்சி. கல்லாவுக்குத்தான் வரலை" என்றார்.

லாரியில் சரக்கு சரியாக வந்து சேர்ந்திருக்கிறது, குடோனிலிருந்து கடைக்கு ஆள்தான் சுமக்கவில்லை என்பது ஒரே பேச்சில் விளங்கிவிட்டது. இரண்டாவது லாரிக்கு ஆர்டர் போட்டவன் நான்.

இங்கே ஒரு கணக்கையும் சொல்லிவிட வேண்டும். 100 மெகாபிட் என்று கம்பெனி சொல்வது நொடிக்கு 100 மெகாபைட் அல்ல. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே அது நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்தான். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, அளவை வேறு, அவ்வளவே. ஆனால் யு.பி.ஐ. பணம் வந்தது என்ற செய்திக்கு இதில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடத் தேவையில்லை. அது கடுகளவு சரக்கு. பெரிய வண்டி வேண்டாம். வழியில் நிற்காமல் வந்தால் போதும். 2016 ஏப்ரலில் யு.பி.ஐ. வந்தபோதும், அதே நவம்பரில் பழைய நோட்டுகள் செல்லாமல் போனபோதும், நாம் கல்லாவில் ஒரு கட்டத்தை ஒட்டினால் போதும் என்று இருந்தோம். இன்று பேசும் பெட்டி, கார்டு தேய்க்கும் கருவி, பில் போடும் கணினி, பிரிண்டர், வாசல் கேமரா எல்லாம் அந்த ஒரு வைஃபையில் தொங்குகின்றன. பேசும் பெட்டி சிம் அட்டையிலும் ஓடும். எங்கள் கடைக்குள் டவர் சிக்னல் சரியாக எட்டாத காரணத்தால் வைஃபையில் ஓடுவதை வாங்கியிருந்தோம்.

இரண்டு அலை, இரண்டு குணம்

இப்போது கடைகளில் விற்கும் ரூட்டர்களில் பெரும்பாலானவை ‘டூயல் பேண்ட்’ எனப்படுபவை. ஒரே பெட்டி இரண்டு வானொலி அலைகளில் பேசும். ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ். வைஃபைக்கு முதல் தரநிலை 1997-இல் வந்தது. 1999-லேயே இந்த இரண்டு அலைகளுக்கும் தனித்தனியாக விதிகள் வகுத்துவிட்டார்கள். நம் நாட்டில் 2.4 அலையை உரிமம் இன்றி யாரும் பயன்படுத்தலாம் என்று 2005-இல் அரசு அறிவித்தது. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் தாராளமாக இடம் திறந்துவிடப்பட்டது 2018 அக்டோபரில்தான். ஆகவே பழைய கருவிகள் பல 2.4 ஒன்றையே அறியும்.

2.4 அலை தூரம் போகும், சுவரை ஓரளவு ஊடுருவும். ஆனால் இடம் குறைவு. அதில் பதின்மூன்று தடங்கள் இருப்பதாக எண் போட்டிருந்தாலும், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் ஓடக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்றுதான். எங்கள் கடைத்தெருவில் அந்தத் தம்பியின் கைபேசியில் பார்த்தபோது இருபத்தாறு வைஃபை பெயர்கள் தெரிந்தன. இருபத்தாறு கடைக்காரரும் மூன்று சந்துக்குள் வண்டியை விட்டால் என்ன ஆகும்? போதாக்குறைக்கு, புளூடூத் கருவிகளும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைப் பகுதியில்தான் வேலை செய்கின்றன. எங்களுக்குப் பக்கத்துக் கடை பேக்கரி. மாலையில் பப்ஸ் சூடு பண்ணும்போதெல்லாம் எங்கள் பில் கணினி திணறியிருக்கிறது என்பது இப்போதுதான் புரிகிறது. பேக்கரிக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு ஒரு பப்ஸ் கொடுத்தார்.

5 கிகாஹெர்ட்ஸ் இதற்கு நேர்மாறு. தடங்கள் அதிகம், வேகம் அதிகம், நெரிசல் குறைவு. ஆனால் கிட்டப் பார்வைக்காரர் போல, பக்கத்தில் இருந்தால்தான் வேலை நடக்கும். ஒரு கான்கிரீட் தளத்தையோ இரண்டு செங்கல் சுவர்களையோ தாண்டுவதற்குள் பெரும்பகுதி தேய்ந்துவிடும். மாடி ஹாலில் வந்த 187 இந்த அலையில் வந்தது. கீழே கல்லாவுக்கு அது இறங்கவே இல்லை. அங்கே வந்து சேர்ந்தது 2.4 அலையின் எச்சம்.

மளிகைக் கடை வைஃபைக்கு மிகவும் பொல்லாத இடம் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். இரும்பு ஷட்டர், இரும்பு ரேக்குகள், எண்ணெய் டின்கள், குளிர்பானப் பெட்டி ஆகிய எல்லாம் அலையைத் திருப்பி அடிக்கும். தண்ணீர் அலையை விழுங்கும். இருபது லிட்டர் தண்ணீர் கேன்களை வரிசையாக அடுக்கினால் அது ஒரு சுவர். மனித உடம்பிலும் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பதால், கல்லா முன்னால் பதினைந்து பேர் நின்றால் அதுவும் ஒரு சுவர். காலை பதினொரு மணிக்கு நன்றாக ஓடுவது மாலை ஏழு மணிக்கு ஏன் நிற்கிறது என்ற புதிருக்கு விடையில் ஒரு பங்கு இது. தீபாவளிச் சரக்கு வந்து இறங்கியதும் சிக்னல் குறைவதும் இதனால்தான். சரக்கு ஏற ஏற சிக்னல் இறங்கும்.

எங்கள் ரூட்டர் இருந்த இடத்தையும் ஒப்புக்கொள்கிறேன். மாடி ஹாலில், டி.வி.க்குப் பின்னால், கண்ணாடி ஷோகேஸின் கீழ்த்தட்டில். பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறது என்று வீட்டில் உள்ளே தள்ளிவிட்டார்கள். நிமிர்ந்து நிற்கும் ஆண்டெனாவிலிருந்து அலை பக்கவாட்டில்தான் அதிகம் பரவும். நேர் மேலேயும் நேர் கீழேயும் குறைவு. எங்கள் கல்லா அந்த ஷோகேஸுக்கு ஏறக்குறைய நேர் கீழே! ரூட்டரைத் திறந்த இடத்தில், தலை உயரத்துக்கு மேல், இரும்பிலிருந்து தள்ளி வைப்பதற்குக் காசு ஒன்றும் செலவில்லை. வேறு எதுவும் செய்யும் முன் உறுப்பினர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டும். ஒற்றை அறைக் கடைக்கு இதுவே போதுமானதாக இருக்கலாம்.

நடுவில் ஒரு பெட்டி

படியில் மாட்டும் ‘எக்ஸ்டெண்டர்’ என்ற சிறு பெட்டியையும் நான் ஏற்கெனவே வாங்கியிருந்தேன் என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் கணக்கு முழுமையாகாது. அதை மாட்டியதும் கைபேசியில் எல்லாக் கோடுகளும் நிறைந்தன. மகிழ்ச்சி இரண்டு நாள் நீடித்தது. கோடு நிறைந்திருந்ததே தவிர வேலை நடக்கவில்லை. ஏனென்றால் அந்த மாதிரிப் பெட்டி ஒரே அலையில் கேட்டு, அதே அலையில் திருப்பிச் சொல்கிறது. கேட்கும்போது சொல்ல முடியாது, சொல்லும்போது கேட்க முடியாது. கிடைத்த வேகத்தில் பாதி அங்கேயே போய்விடும். அதிலும் படியில் கிடைத்ததே 22. கோடு என்பது உங்கள் கைபேசிக்கும் அந்தப் பெட்டிக்கும் உள்ள தூரத்தைத்தான் காட்டும்; பெட்டிக்குப் பின்னால் சரக்கு இருக்கிறதா என்று காட்டாது. ‘மெஷ்’ என்று ஜோடியாக விற்கும் பெட்டிகள் இதைவிட மேல். ஆனால் அவற்றையும் இடையில் கம்பி போட்டு இணைத்தால்தான் கொடுத்த விலைக்குப் பலன் தெரியும் என்பது தம்பியின் கருத்து. இப்போது என் கருத்தும் அதுவே.

கம்பிதான் பரிகாரம். மாடியில் கண்ணாடி இழை வந்து முடியும் வெள்ளைப் பெட்டியிலிருந்து கீழே கல்லாவுக்கு மேல் உள்ள சுவர் வரை ஒரு நெட்வொர்க் கேபிள் இழுத்தோம். பதினெட்டு மீட்டர் ஆயிற்று. இந்தக் கேபிள் நூறு மீட்டர் வரை வேகம் குறையாமல் ஓடும். எனவே நம் கட்டடங்களில் நீளம் ஒரு பிரச்சினை அல்ல.

கேபிள் வாங்குவதில் நமக்குப் பழக்கமான ஒரு விஷயம் இருக்கிறது: கலப்படம். செம்புக் கம்பி என்று நினைத்து வாங்குவது செம்பு பூசிய அலுமினியமாக இருக்கும். விலை குறைவு, பளபளப்பு அதே. ஆனால் அலுமினியம் செம்பைப் போல் மின்சாரம் கடத்தாது. வளைக்கும் இடத்தில் எளிதில் ஒடியும். கம்பி முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். கேட் 5இ அல்லது கேட் 6 என்று உறையில் அச்சிட்டிருக்க வேண்டும். உள்ளே எட்டுக் கம்பிகள் உண்டு. முழு வேகத்துக்கு எட்டும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் நூறு மெகாபிட்டுக்கு இறங்கிவிடும் அல்லது நின்றுவிடும்.

அறுப்பது யார் என்று நமக்குத் தெரியும். அரிசி மூட்டை இருக்கிற இடத்தில் எலி இல்லாமல் இருக்காது. முதலில் குடோன் சுவர் ஓரமாகக் கேபிளை வெறுமனே ஆணி அடித்துக் கொண்டுபோனோம். பதினோராம் நாள் கடித்துவிட்டது. பிறகு பி.வி.சி. குழாய்க்குள் விட்டு, மூட்டை உரசாத உயரத்தில் கொண்டுபோனோம். மின்சார வயர் போகும் அதே குழாயில் இதை விடக்கூடாது. அது பாதுகாப்புக்கும் கேடு, வேகத்துக்கும் கேடு. இந்தச் செலவை முதலிலேயே செய்யுங்கள்.

அட்டையில் எழுதியிருக்கும் எண்

கீழே வைப்பதற்கு ஒரு டூயல் பேண்ட் ரூட்டர் வாங்கப் போனேன். அட்டைப் பெட்டியில் ஏ.சி.1200 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. 1200 மெகாபிட் வேகமோ என்று கேட்டேன். இல்லை. 2.4 அலையில் 300, 5 அலையில் 867, இரண்டையும் கூட்டி, மேலுக்கு முழு எண்ணாக்கி எழுதியது அது. ஒரு கைபேசி ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றில்தான் நிற்கும். அந்த 867-உம் சோதனைக்கூடத்து உச்சம். கைக்குக் கிடைப்பது அதில் பாதி வந்தால் நல்ல சரக்கு. ஏ.எக்ஸ்.1500 என்பதும் இப்படியே 300-ஐயும் 1201-ஐயும் கூட்டியது. பொட்டலத்தில் மொத்த எடையை அச்சிட்டு நிகர எடையை அச்சிடாமல் நாம் விற்றால் எடையளவுத் துறை என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

அட்டையின் முன்பக்கத்தில் இல்லாத ஒரு விவரத்தைப் பின்பக்கத்தில் தேட வேண்டும். கம்பி சொருகும் துளைகள் ‘கிகாபிட்’ வகையா, நூறு மெகாபிட் வகையா? 1200 என்று எழுதிய ரூட்டர்களிலும் குறைந்த விலையில் வருவன சிலவற்றில் துளை நூறு மெகாபிட்தான். அதாவது கம்பி வழியாக நூறுக்கு மேல் உள்ளேயே வராது. கடைக்கு மட்டும் என்றால் அதுவே தாராளம். மாடியில் 200 மெகாபிட் திட்டம் வைத்து அதை முழுவதும் அனுபவிக்க நினைப்பவர்தான் கிகாபிட் துளை பார்த்து வாங்க வேண்டும். கடைக்கு நான் சாதாரண வகையே வாங்கினேன். இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

புதிய ரூட்டரைச் சொருகியவுடன் வேலை முடிந்தது என்று எண்ணக்கூடாது. அதன் அமைப்புப் பக்கத்துக்குப் போய் ‘ஆக்சஸ் பாயிண்ட்’ என்ற முறைக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் மாடிப் பெட்டி ஒரு கணக்குப்பிள்ளை, கீழ்ப் பெட்டி இன்னொரு கணக்குப்பிள்ளை என்று இருவரும் தனித்தனியே முகவரி வழங்குவார்கள். மாடியிலிருந்து அனுப்பும் பில் கடைப் பிரிண்டருக்கு வந்து சேராது. எங்களுக்கு முதல் நாள் அப்படித்தான் ஆயிற்று. ஒரே அமைப்பு மாற்றத்தில் சரியானது.

இரண்டு அலைகளுக்கும் ஒரே பெயர் வைக்கலாம். அப்போது கைபேசியே பார்த்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். வீட்டுக்கு அது வசதி. ஆனால் கடையில் நான் இரண்டு பெயர் வைத்தேன். கார்டு கருவி, பேசும் பெட்டி, பிரிண்டர் முதலியவற்றில் பல 2.4 மட்டுமே அறிந்தவை. ஒரே பெயர் இருந்தால் முதன்முதலில் இணைக்கும்போது அவை தடுமாறுகின்றன. ஆகவே 2.4 பெயரில் இந்தச் சின்னக் கருவிகள் மட்டும். என் கைபேசியும் ஊழியர்களின் கைபேசிகளும் 5 பெயரில். பில் கணினி எதிலும் இல்லை. ரூட்டரிலிருந்து நேராகக் கம்பி. நகராத எதற்கும் கம்பிதான் நல்லது. 2.4-இல் தடம் 11 காலியாக இருந்தது, அதை நிலையாக வைத்தோம். அகலம் 20 என்று வைத்தோம். 40 வைத்தால் வேகம் கூடும் என்று அமைப்புப் பக்கம் ஆசை காட்டும். கடைத்தெருவில் அது அண்டைக் கடையின் தடத்திலும் ஏறி, இரண்டு பேருக்கும் நஷ்டம்.

வாசல் கேமராவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உண்மைக் குற்றவாளிகளில் அது ஒன்று. ஷட்டருக்கு வெளியே இருந்த கேமரா, மாடி ரூட்டரை மிகப் பலவீனமாகப் பிடித்துக்கொண்டு, இரவும் பகலும் படம் அனுப்பிக்கொண்டே இருந்தது. ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். தூரத்தில் இருப்பவர் மெதுவாகத்தான் பேசுவார். அவர் பேசி முடிக்கும்வரை மற்ற எல்லோரும் காத்திருக்க வேண்டும். கல்லாவில் முதியவர் ஒருவர் சில்லறையை ஒவ்வொன்றாக எண்ணும்போது பின்னால் வரிசை நிற்பதில்லையா, அது போல. கேமராவையும் கம்பிக்கு மாற்றினோம். அந்த ஒரு மாற்றத்திலேயே மாடியில் 2.4-இல் இருந்த மற்றக் கருவிகளும் சுறுசுறுப்பாயின.

மின்வெட்டு நேரத்துக்கு ஒரு வழி வேண்டும். எங்கள் பெட்டிகளைப் போல் பெரும்பாலானவை 12 வோல்ட் நேர் மின்சாரத்தில் ஓடுபவை. அதற்கென்று சிறு பேட்டரிப் பெட்டிகள் விற்கிறார்கள். ரூட்டரின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து அதற்கு ஏற்றதை வாங்க வேண்டும். கீழே ஒன்று மட்டும் வைத்தால் பயனில்லை. மாடியில் கண்ணாடி இழை முடியும் பெட்டிக்கும் ஒன்று வேண்டும். நான் முதலில் ஒன்று மட்டும் வாங்கி, மின்சாரம் போன அன்று விழித்தேன்.

யாருக்குக் கடவுச்சொல்?

முன்பெல்லாம் கடைக்காரர் பாஸ்வேர்டை வாடிக்கையாளருக்குச் சொல்வது ஒரு மரியாதையாக இருந்தது. "அண்ணாச்சி, நெட் எடுக்கலை, வைஃபை கொடுங்க" என்றால் எப்படி மறுப்பது? மறுக்கவும் கூடாது, பணம் கட்டத்தானே கேட்கிறார். ஆனால் அவருடைய கைபேசியும் நம் கணக்கு வழக்குகள், ஜி.எஸ்.டி. விவரங்கள் இருக்கும் கணினியும் ஒரே கூரைக்குள் இருப்பது சரியல்ல. ரூட்டரில் ‘கெஸ்ட்’ என்று விருந்தினர் இணைப்பு ஒன்று உண்டு. அதைத் தனிப் பெயரில் திறந்து, அதன் கடவுச்சொல்லை மட்டும் வெளியே சொல்லலாம். ஒரு எச்சரிக்கை: ஆக்சஸ் பாயிண்ட் முறையில் ஓடும்போது சில ரூட்டர்களில் விருந்தினர் இணைப்பு உண்மையில் பிரிவதில்லை. அமைத்துக் கொடுப்பவரை, விருந்தினர் இணைப்பில் நின்றுகொண்டு பில் கணினியும் பிரிண்டரும் தெரிகின்றனவா என்று உங்கள் கண் முன்னால் சோதிக்கச் சொல்லுங்கள். எங்களுக்குத் தெரிந்தது. ரூட்டரின் மென்பொருளைப் புதுப்பித்த பின்தான் மறைந்தது.

பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 ஆக இருக்க வேண்டும். கடைப் பெயரையும் கைபேசி எண்ணையும் கடவுச்சொல்லாக வைக்காதீர்கள். இரண்டும் நம் பெயர்ப் பலகையிலேயே இருக்கின்றன. அமைப்புப் பக்கத்துக்குள் நுழையும் கடவுச்சொல் வேறு ஒன்று. அதைப் பெட்டியில் வந்தபடியே விட்டுவிடுவது கல்லாச் சாவியைக் கல்லாவிலேயே தொங்கவிடுவதற்குச் சமம்.

பொதுமக்களுக்கு வைஃபை விற்பதையே ஒரு சிறு தொழிலாகச் செய்ய விரும்பும் உறுப்பினர்களுக்கு ஒரு செய்தி: 2020 டிசம்பர் 9 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வாணி திட்டத்தில், மளிகைக் கடை, டீக்கடை போன்ற இடங்களே பொதுத் தரவு நிலையமாகலாம். உரிமமும் பதிவும் தேவையில்லை. அந்தக் காலத்து எஸ்.டி.டி. பூத்துகள் நினைவுக்கு வருகின்றன. நான் அதில் இறங்கவில்லை. இருக்கிற கல்லாவைப் பார்த்துக்கொள்ளவே ஆள் போதவில்லை.

எல்லாம் முடிந்த அன்று மாலை ஏழு மணிக்கு, கூட்டத்துக்கு நடுவில், தம்பி மீண்டும் கல்லாவில் நின்று அளந்தார். 5 அலையில் 91. சரக்கு அடுக்கிய குடோன் மூலையில் 2.4-இல் 18. பேசும் பெட்டி, வாடிக்கையாளர் கைபேசியைக் கீழே இறக்கும் முன்பே பேசிவிடுகிறது. அடுத்த மாதமே 200 மெகாபிட் திட்டத்தை 100-க்கு இறக்கிவிட்டேன். மாடியில் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. கேபிள், குழாய், ரூட்டர், இரண்டு பேட்டரிப் பெட்டி, கூலி எல்லாம் சேர்ந்த செலவு, மாதம் மிச்சமாகும் தொகையில் ஓர் ஆண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் கழிந்துவிடும்.

தை மாதம் அந்த அம்மா வீட்டு வழியாகப் போனபோது நானே நின்று, நடந்தது எங்கள் கோளாறு என்று சொன்னேன். கேபிள், அலை, கேமரா என்று நான் ஆரம்பித்ததை அவர் பாதியில் நிறுத்தி, "அதை விடுங்க அண்ணாச்சி, பாசிப்பயறு புதுசு வந்திருக்கா?" என்று கேட்டார்.

எதிர்ச் சந்தில் இருக்கும் இரண்டாவது குடோனுக்குத்தான் இன்னும் வழி இல்லை. நடுவில் பொதுச் சாலை, கம்பி இழுக்க முடியாது. இரண்டு பக்கமும் மொட்டைமாடியில் 5 கிகாஹெர்ட்ஸ் பெட்டி வைத்து ஒன்றையொன்று பார்க்கும்படி திருப்பலாம் என்கிறார் தம்பி. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏணியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.